பால்வாடி டீச்சருக்கு ஐம்பது ஆண்டு பாக்கி

பிறந்த குழந்தையின் எடை முதல் ஐந்து வயதுப் பிள்ளையின் முதல் பாடம் வரை ஓர் ஊரின் பொறுப்பு இரண்டு பெண்களிடம் இருக்கிறது. அதற்கு மத்திய அரசு தருவது இன்றைக்கும் மதிப்பூதியம்தான். புதுச்சேரியின் திருக்கனூரில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இதைச் சரிசெய்ய ஆகும் செலவு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

திருக்கனூரிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்தின் கரும்பு வயலும் விழுப்புரம் மாவட்டத்தின் கரும்பு வயலும் வரப்போடு வரப்பு ஒட்டிக் கிடக்கின்றன. வக்கிரகாளியம்மனைப் பார்க்கத் திருவக்கரைக்குப் போகிறவர்கள் மாநிலம் தாண்டிப் போகிறோம் என்று நினைப்பதில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. புவிசார் குறியீடு பெற்ற காகிதக்கூழ் பொம்மைகளால் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் பெயர் தெரியும். ஊருக்குள் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த திருக்கனூர் வேறு. நெல், கரும்பு, அரவை நின்றுபோன லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலை, விடிந்ததும் கம்பெனி வண்டிக்காக நிற்கும் பெண்கள், அவர்கள் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் தெருவில் ஒரு பால்வாடி. அரசுக் கோப்பில் அங்கன்வாடி என்று எழுதினாலும் ஊர்வாயில் அது பால்வாடிதான். அங்கே ஒரு டீச்சர், கோப்பில் உதவியாளர் எனப்படும் ஓர் ஆயா. வயலுக்கும் கம்பெனிக்கும் வீட்டு வேலைக்கும் தாய்மார்கள் நிம்மதியாகப் போகிறார்கள் என்றால், அதற்கு இந்த இருவரே காரணம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு பகுதிகளிலும் சேர்த்து இப்படி 855 மையங்கள் இருக்கின்றன. நாடு முழுவதும் சுமார் 14 லட்சம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி 33 வட்டாரங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அன்றைக்கு டீச்சருக்கு மாதம் 100 முதல் 150 ரூபாய். ஊர்ப் பெண் ஒருவர் நல்ல மனத்தோடு சில மணி நேரம் சேவை செய்வார், அதற்கு ஒரு மரியாதைத் தொகை என்பதுதான் அப்போதைய கணக்கு. 2025-ல் திட்டத்துக்கு ஐம்பது வயது நிறைந்துவிட்டது. வேலை பல மடங்கு பெருகிவிட்டது. ‘சேவை, மரியாதைத் தொகை’ என்ற கணக்கு மட்டும் மாறவே இல்லை.

எடை மிஷினும் செல்போனும்

இந்த வேலையை ‘பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். விதிப்படி அது ஆறு வேலை: சத்துணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஆரோக்கியக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்பிவைத்தல். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் அத்தனை பேரும் டீச்சரின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

எடை பார்க்கும் நாளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த வேலையின் தன்மை புரியும். ஒரு வயதுப் பிள்ளை எடை மிஷினில் சும்மா இருக்காது. அழும், காலை உதைக்கும், எண் ஒரு இடத்தில் நிற்காது. ஆயா கைதட்டிப் பாட்டுப் பாடி அதன் கவனத்தைத் திருப்புகிற அந்த ஓரிரு நொடியில் டீச்சர் எடையைப் படித்தாக வேண்டும். உயரம் அளப்பது இன்னும் சிரமம். நிற்கத் தெரியாத குழந்தையை அளவுப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையை அசையாமல் பிடிக்க, மற்றவர் முட்டியை மெல்ல அழுத்திக் காலை நேராக்கி, பாதத்தோடு பலகையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் ‘வளர்ச்சி குன்றியவர்’ பட்டியலில் இருக்க வேண்டிய பிள்ளை ‘நலம்’ என்ற பட்டியலுக்குப் போய்விடக்கூடும். நாட்டின் ஊட்டச்சத்து நிலை பற்றி டெல்லியில் காட்டப்படும் எண்கள் இப்படி ஒரு தெருவில், ஒரு பலகை மேல், இரண்டு பெண்களின் பொறுமையில்தான் பிறக்கின்றன.

2021 மார்ச் முதல் இவையெல்லாம் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஏற வேண்டும். வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுப் பொட்டலத்துக்கு முக அடையாளம் பதிவது 2025 ஜூலை 1 முதல் கட்டாயமானது. தாயின் ஆதார் விவரம் பொருந்த வேண்டும், ஓடிபி வர வேண்டும், கேமரா முன் முகம் ஒத்துப்போக வேண்டும். கரும்பு வெட்டப் போன தாய் எப்போது வருவார்? ஓடிபி வரவேண்டிய போன் கணவரின் சட்டைப் பையில், வேறு ஊரில் இருக்கும். பதிவு ஏறவில்லை என்றால் பொட்டலம் கொடுத்ததற்குக் கணக்கு இல்லை. பசியோடு வந்த பிள்ளையின் தாய்க்கும் பதிவை ஏற்க மறுக்கும் போனுக்கும் நடுவில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் டீச்சர்.

இதற்கு நடுவேதான் முன்பருவக் கல்வி. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயதிலிருந்தே கற்றல் தொடங்குகிறது என்று அறிவித்தது. 2023-ல் ‘போஷன் பி, படாய் பி’ என்ற திட்டம் வந்தது. ஊட்டச்சத்தோடு படிப்பும் என்பது அதன் கருத்து. மூளை வளர்ச்சியில் பெரும்பங்கு ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று அரசே சொல்கிறது. அந்த ஆறு வயது வரைக்குமான ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு அரசின் பதில், மதிப்பூதியத்தில் இருக்கும் ஒரு பெண்.

நூறு நாள் வேலைக்கும் கீழே

மத்திய அரசு நிர்ணயித்த அளவு 2011 ஏப்ரலில் டீச்சருக்கு 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய். 2018 அக்டோபர் 1 முதல் அது முறையே 4,500, 2,250 ஆனது. செயல்பாட்டைப் பொறுத்து டீச்சருக்கு 500, உதவியாளருக்கு 250 ரூபாய் ஊக்கத்தொகை. அடுத்த ஏழு ஆண்டுகளில் அந்த அளவில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அந்த 4,500-லும் முழுத்தொகை டெல்லியிலிருந்து வருவதில்லை. சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசம் என்பதால் புதுச்சேரிக்கு 60:40 பங்கீடு. அதாவது மத்திய அரசின் பங்கு 2,700 ரூபாய். மீதி 1,800 புதுச்சேரியின் கையிலிருந்து. இதற்கு மேல் எவ்வளவு சேர்த்துக் கொடுப்பது என்பது அந்தந்த அரசின் விருப்பம்.

4,500 ரூபாயை 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாள் ஒன்றுக்கு 173 ரூபாய். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் நூறு நாள் வேலைக்கு 2018-19-ல் நாள்கூலி 224 ரூபாயாக இருந்தது. 2025-26-ல் அது 336 ரூபாய். அந்த உயர்வும் போதாது என்று கேட்பவர்கள் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஏரி தூர்வாரும் கூலி ஏழு ஆண்டில் ஒன்றரை மடங்கு ஏறிய அதே காலத்தில் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் தொகை அசையவில்லை. மத்திய அரசே தன் அதிகாரத்துக்கு உட்பட்ட பணிகளில் திறன் பெறாத தொழிலாளிக்கு 2024 அக்டோபரில் முதல் நிலை நகரங்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 783 ரூபாய். பால்வாடி டீச்சரை எந்தத் திறனும் இல்லாதவர் என்று வைத்துக்கொண்டாலும் அவருக்கும் அந்தக் கூலிக்கும் இடையே நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

சலுகைகள் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. 180 நாள் பேறுகால விடுப்பு உண்டு. வயதைப் பொறுத்து ஆயுள், விபத்துக் காப்பீடு உண்டு. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு அங்கன்வாடி ஊழியர், உதவியாளர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. இவை நல்ல காரியங்கள். ஆனால் நோய் வந்தால் படுக்கை கிடைக்கும் என்பதும் மாதாமாதம் அரிசி வாங்க முடியும் என்பதும் வேறு வேறு. வருங்கால வைப்புநிதி இல்லாமல், மத்தியத் திட்டத்தில் ஓய்வூதியமும் இல்லாமல், முப்பது ஆண்டு வேலை பார்த்த பெண் கடைசி நாளில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற நிலையை எந்தக் காப்பீட்டு அட்டையும் மாற்றாது.

2013-ல் நடந்த 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 2015-ல் அடுத்த மாநாடும் அதை வலியுறுத்தியது. பரிந்துரை அப்படியே இருக்கிறது.

நீதிமன்றம் ஏறிய படிகள்

அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று 2006 டிசம்பரில், கர்நாடக அரசு எதிர் அமீர்பீ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் எந்தக் கோரிக்கையை எடுத்துப்போனாலும் அதிகாரிகளின் மேஜையில் அந்தத் தீர்ப்பு தயாராக இருந்தது. திட்டம் தற்காலிகமானது, சட்டப்படி உருவான பதவி இல்லை, ஆகவே உரிமையும் இல்லை.

2013-ல் அடித்தளம் மாறியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கர்ப்பிணிக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக உணவு கிடைப்பது சட்டப்படியான உரிமை ஆனது. உரிமை என்று சட்டம் எழுதிவிட்டால் அதை நிறைவேற்றுவது அரசின் கடமை. அந்தக் கடமையைத் தன் கையால் செய்பவர் எப்படித் தன்னார்வலராக இருக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு 2022 ஏப்ரல் 25-ல் பதில் வந்தது. குஜராத்தைச் சேர்ந்த மணிபென் மகன்பாய் பாரியாவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா அமர்வு, அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் 1972-ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் அந்தச் சட்டத்தின்படி அது ஊதியமே. அங்கன்வாடி மையம் அச்சட்டம் சொல்லும் நிறுவனமே. காலம் தாழ்த்தியதற்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். செய்யும் வேலையோடு ஒப்பிட்டால் இந்தப் பெண்கள் பெறும் தொகை மிகச் சொற்பம் என்பதையும், அவர்களின் நிலையை அரசுகள் தீவிரமாகக் கவனிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதையும் தீர்ப்பு பதிவு செய்தது.

அதே குஜராத்தின் உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் இன்னொரு படி ஏறியது. டீச்சருக்கு மாதம் 24,800 ரூபாய், உதவியாளருக்கு 20,300 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமாகத் தர வேண்டும் என்றது. வழக்குகள் அடுத்தடுத்த கட்டங்களில் எப்படிப் போனாலும், இந்த வேலைக்கு நியாயமான விலை என்ன என்று ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து கணக்கிட்டு எண்ணாக எழுதிவிட்டது. இனி ‘எவ்வளவு கொடுப்பது என்று தெரியவில்லை’ என்று எந்த அரசும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒவ்வொரு பால்வாடி டீச்சரும் ஆயாவும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வாங்கி 25 ஆண்டு வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை சுமார் 1,44,000 ரூபாய். ஓய்வு பெற்ற 30 நாளுக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தொகை 30 நாளில் வராவிட்டால் வட்டியும் சேரும், தொழிலாளர் துறையின் பணிக்கொடை அதிகாரியிடம் மனுவும் போடலாம். இந்தத் தொகையை யாரும் தயவு பண்ணித் தருவதில்லை. அது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் உறுதி செய்த உரிமை.

மூன்று அண்டை வீடுகள்

புதுச்சேரியின் பகுதிகள் மூன்று மாநிலங்களுக்குள் இருப்பதால், அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அதற்கு உண்டு. புதுச்சேரியையும் காரைக்காலையும் தமிழ்நாடு சூழ்ந்திருக்கிறது. மாஹேயைச் சுற்றிக் கேரளம். ஏனாமைச் சுற்றி ஆந்திரம்.

தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது. முதல் 12 மாதம் தொகுப்பூதியம், பிறகு 7,700 – 24,200 என்ற ஊதிய விகிதம். உதவியாளருக்கு 4,100 – 12,500. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி அறிவிக்கும்போது இவர்களுக்கும் உண்டு. ஓய்வு பெற்றால் ஒட்டுமொத்தத் தொகையும் மாதாந்தரச் சிறப்பு ஓய்வூதியமும் உண்டு. ஆனால் அந்த ஓய்வூதியம் 2,000 ரூபாயிலேயே நெடுங்காலம் நின்றது. 54,439 மையங்களைக் கொண்ட மாநிலத்தின் ஊழியர்களும் முறையான காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் நின்றபடிதான் இருக்கிறார்கள். அண்டை வீட்டிலும் பாக்கி தீர்ந்துவிடவில்லை. ஆனால் அங்கே ஊதியத்துக்கு ஓர் ஏணி இருக்கிறது. ஆண்டு ஏற ஏற, அனுபவம் கூடக் கூட, சம்பளமும் ஏறும் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. திருக்கனூரில் மதிப்பூதியத்தில் இருக்கும் பெண் கேட்பதும் முதலில் அந்த ஒப்புதலைத்தான்.

ஏனாமைச் சூழ்ந்த ஆந்திரத்தில் நடந்தது வேறு கதை. தெலங்கானாவில் 13,650 ரூபாய் கொடுக்கும்போது தங்களுக்கு ஏன் 11,500 என்று கேட்டு, பணிக்கொடையும் கேட்டு, 2023 டிசம்பர் 12-ம் தேதி அங்கன்வாடி ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பொங்கலும் தெருவிலேயே கழிந்தது. அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான எஸ்மாவை அரசு அவர்கள்மீது பாய்ச்சியது. 42-வது நாளில் பேச்சுவார்த்தையில்தான் போராட்டம் முடிந்தது. 2022-ல் டெல்லியிலும் இதே எஸ்மா. வேலையை நிறுத்தினால் அது அத்தியாவசியப் பணி, சம்பளம் கேட்டால் அது கௌரவ சேவை. இரண்டையும் ஒரே அரசு ஒரே வாயால் சொல்வது நியாயமாகாது. அத்தியாவசியம் என்றால் அதற்குரிய ஊதியத்தைத் தர வேண்டும்.

வேன் ஏறிப் போகும் பிள்ளைகள்

காலை எட்டு மணிக்குத் திருக்கனூர் கடைவீதியில் நின்றால் மஞ்சள் வேன்களைப் பார்க்கலாம். கொஞ்சம் வசதி வந்ததும் எல்கேஜிக்குத் தனியார் பள்ளி என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. பால்வாடியைவிட அங்கே டீச்சருக்குச் சம்பளம் நன்றாக இருக்கும் என்பது பெற்றோரின் நினைப்பு. கிராமப்புற நர்சரிப் பள்ளிகள் பலவற்றில் அது உண்மையில்லை. பி.எட். முடித்த பெண்ணும் கடையில் நிற்பவர் வாங்கும் சம்பளத்துக்கே வருகிறார். பல இடங்களில் மே மாதம் சம்பளம் கிடையாது.

இவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இன்னும் மெலிது. ஆசிரியர், அன்றைய தொழில் தகராறுச் சட்டம் சொன்ன ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்று 1988-ல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போதைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குள்ளும் ஆசிரியர் வரமாட்டார் என்று 1996-ல் இன்னொரு தீர்ப்பு. கற்பிப்பது உன்னதமான பணி, ஆகவே அது தொழிலாளர் பணி ஆகாது என்ற பார்வை, கடைசியில் நர்சரி டீச்சரின் கையில் இருந்த ஆயுதங்களைப் பறித்துவிட்டது. ஆனால் பணிக்கொடை அவருக்கும் உண்டு. 2009-ம் ஆண்டின் திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் பின்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்தது. அது செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியில் ஐந்து ஆண்டு பணி முடித்த எந்த டீச்சரும் இதைக் கேட்கலாம். கேட்கலாம் என்று தெரியாமலேயே வேலையை விட்டுப் போனவர்கள் ஏராளம்.

அரசு தன் பால்வாடியில் கொடுக்கும் தொகைதான் ஊரில் இந்த வேலைக்கான அடிமட்ட விலையைத் தீர்மானிக்கிறது. அரசே குறைவாகக் கொடுக்கும்போது தனியார் ஏன் கூடுதலாகக் கொடுக்கப் போகிறார்? பால்வாடி டீச்சரின் சம்பளம் ஏறினால் வேன் ஏறிப் போகும் பிள்ளைகளின் டீச்சருக்கும் அது பேரம் பேச ஒரு பிடி.

கொடுத்தால் என்ன கிடைக்கும்?

இது இரக்கத்துக்காகக் கேட்கும் கோரிக்கை என்று யாராவது நினைத்தால் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைப் பார்க்கலாம். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென்று அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாக நியமித்துப் பார்த்தார்கள். அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. கைக்குச் சற்று ஓய்வு கிடைத்த பழைய டீச்சரால் சத்துணவு, உடல்நல வேலைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுக்க முடிந்தது. செலவழித்ததைப் போலப் பல மடங்கு பலன் என்பது அவர்கள் கண்ட முடிவு. பாடத்திட்டமும் செயலியும் வாங்கிக் கொடுப்பதைவிட ஆள் போட்டு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது பிள்ளைக்கு நேராகப் போய்ச் சேருகிறது.

புதுச்சேரிக்கு இதில் ஒரு பழைய பந்தமும் உண்டு. 1954 நவம்பர் 1 வரை இந்த மண்ணை நிர்வகித்த பிரான்சில், மூன்று வயதுப் பிள்ளைக்கான மழலையர் பள்ளி 1880-களிலேயே அரசுக் கல்வி அமைப்புக்குள் வந்துவிட்டது. அங்கே மழலையர் வகுப்பு ஆசிரியருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே பதவி, ஒரே ஊதிய விகிதம். வகுப்பில் துணைக்கு இருக்கும் உதவியாளரை அந்த ஊரின் கொம்யூன் தன் ஊழியராக நியமித்துச் சம்பளம் கொடுக்கிறது. 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். மண்ணாடிப்பட்டில் கொம்யூன் என்ற அமைப்பு இருக்கிறது, மூன்று வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிரான்சிடமிருந்து பெற்ற நிர்வாக அமைப்பைப் பத்திரமாக வைத்திருக்கும் புதுச்சேரி, அந்த அமைப்பு அங்கே செய்யும் இந்த நல்ல காரியத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

பணம் எங்கே என்பதுதான் எப்போதும் கடைசிக் கேள்வி. கணக்கைப் போட்டுவிடுவோம். 855 மையங்கள், மையத்துக்கு இருவர் என்றால் 1,710 பேர். அத்தனை பேரும் மதிப்பூதியத்தில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இப்போது வாங்குவதற்கு மேல் மாதம் 10,000 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் ஆண்டுக்கு 20 கோடியே 52 லட்சம் ரூபாய். 2025-26-க்குப் புதுச்சேரி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பட்ஜெட் 13,600 கோடி ரூபாய். நூறு ரூபாய் செலவழிக்கும் அரசு அதில் 15 காசை ஒதுக்கினால் போதும். உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் இது மலைபோன்ற தொகையாக இருக்கலாம். நான்கு சிறு பகுதிகளைக் கொண்ட புதுச்சேரிக்கு இல்லை.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கலாம். மதிப்பூதியத்தில் இருக்கும் ஒவ்வொரு டீச்சருக்கும் ஆயாவுக்கும் ஆண்டு உயர்வும் அகவிலைப்படியும் சேர்ந்த ஊதிய விகிதம் வேண்டும், அதன் தொடக்கம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. 2022 தீர்ப்பின்படி பணிக்கொடையை, கேட்டு அலையவிடாமல், ஓய்வு பெறும் நாளிலேயே கொடுக்க வேண்டும். சாகும்வரை மாத ஓய்வூதியம் வேண்டும். டீச்சர் பணியிடங்களில் பாதியை ஐந்து ஆண்டு அனுபவமுள்ள உதவியாளர்களைக் கொண்டு நிரப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது, ஆயாவாகச் சேர்ந்தவர் ஆயாவாகவே ஓய்வு பெறும் வழக்கத்தை அதைக்கொண்டு முடிக்க வேண்டும். பெரிய மையங்களில் பாடம் நடத்த மட்டும் இன்னொருவரைப் போட வேண்டும்.

இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் டீச்சர்கள் மட்டும் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அந்தப் பதவிக்காலம் முடிந்த 2011 முதல் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. பால்வாடிக் கூரை ஒழுகினாலும், தண்ணீர் வரவில்லை என்றாலும், டீச்சருக்குச் சம்பளம் தாமதமானாலும் தெருவில் நிறுத்திக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் கிடையாது. அந்த வெற்றிடத்தைப் பெற்றோர்தான் நிரப்ப வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலை, தண்ணீர், பட்டா என்று கேட்கும் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்: எங்கள் பிள்ளைகளின் டீச்சருக்கும் ஆயாவுக்கும் என்ன சம்பளம் தரப் போகிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து? தொகையும் தேதியும் சொல்லாத எந்த வாக்குறுதியையும் திருக்கனூர் ஏற்கத் தேவையில்லை.